காலையில் எரிந்து, கால் மணி நேரத்தில் அணையும் சிவப்பு லைட்

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

வழக்கமாக இங்கே கோட், வேலை, இன்டர்வியூ என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு காரின் மீட்டரில் எரிந்த சின்ன சிவப்பு லைட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். கார் இல்லாதவங்களும் கேளுங்க. லாங் வீக்கெண்ட் வந்தால் வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கிட்டு மலை ஏறுகிற ஆட்கள்தானே நம்மில் பாதிப் பேர்.

போன டிசம்பர் கடைசி வாரம். அப்பா, அம்மா, தங்கச்சி, நான், நாலு பேரும் ஊட்டிக்குப் போயிருந்தோம். எனக்கு வேலை சென்னையில், வீடு கோயம்புத்தூரில். கார் என்னுடையது. இரண்டு வருடம் முன்பு மாமாவிடம் வாங்கின ஹேட்ச்பேக், அதற்கு வயசு ஒன்பது. ஏசி நல்லா இருக்கும், பாட்டு நல்லா கேட்கும், அதுக்கு மேல நான் எதையும் கவனிச்சதில்லை.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி எப்படி இருக்கும்னு செய்தியில் பார்த்திருப்பீங்க. புல்வெளி எல்லாம் உப்பைத் தூவின மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். பள்ளமான இடங்களில் விடிகாலையில் உறைபனி விழும், வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். நாங்க தங்கின காட்டேஜும் அப்படி ஒரு பள்ளத்தில்தான் இருந்தது.

முதல் நாள் காலை ஆறரை மணி. சூரிய உதயம் பார்க்கணும்னு தங்கச்சி எல்லாரையும் எழுப்பிவிட்டாள். கண்ணாடியில் படிந்திருந்த பனியை ஒரு பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டிவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். சாவியைத் திருப்பினதும் மீட்டரில் எல்லா லைட்டும் ஒரு தடவை எரியும், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணையும், தெரியும்ல? எல்லாம் அணைந்தது. ஒன்று மட்டும் அணையவில்லை. ஒரு வட்டம், நடுவில் ஆச்சரியக்குறி, இரண்டு பக்கமும் பிறை மாதிரி வளைவு. சிவப்பு நிறம்.

ஹேண்ட் பிரேக்கை மறந்துட்டேன்னு நினைச்சு கீழே பார்த்தேன். இறக்கித்தான் இருந்தது. ஒரு தடவை ஏற்றி இறக்கினேன். லைட் போகவில்லை. பிரேக்கை மிதித்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. "குளிருக்கு இருக்கும்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு மெதுவாகக் கிளம்பினேன். கால் மணி நேரத்தில் லைட் அணைந்துவிட்டது. நான் மறந்தும் விட்டேன். அன்று முழுக்க ஊரைச் சுற்றினோம், ஒரு தடவைகூட அது எரியவில்லை.

நம்ம வேலையில் இதற்கு ஒரு பழக்கம் இருக்கு. ராத்திரி ஒரு அலர்ட் வரும். லேப்டாப்பைத் திறப்பதற்குள் அதுவே சரியாகிவிடும். காலையில் டிக்கெட்டில் "ரெப்ரொட்யூஸ் ஆகலை"னு எழுதி மூடிவிடுவோம். அன்றைக்கு நான் பண்ணினது அதுதான்.

இரண்டாம் நாள் காலை

மறுநாள் நாங்க கிளம்ப வேண்டிய நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயம்புத்தூரில் சித்தப்பா பையனுக்கு நிச்சயதார்த்தம். அப்பாதான் குடும்பத்தில் மூத்தவர், அவர் போய்த்தான் தட்டு மாற்றணும். எட்டு மணிக்கு வண்டி நகர்ந்தே ஆகணும்னு முந்தின ராத்திரியே உத்தரவு.

ஏழு மணிக்கு வண்டியைச் சூடு பண்ணலாம்னு ஸ்டார்ட் பண்ணினேன். அதே லைட். இந்தத் தடவை எனக்கு அதை அப்படியே விட மனசு வரவில்லை. காரணம் ரொம்ப சாதாரணம். இனி நான் போகப் போவது கீழ்நோக்கி.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்னு இறங்கினேன். இந்த லைட் எரிய, ரொம்பக் கார்களில் பொதுவாக மூன்று காரணம்தான். ஒன்று, ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கவில்லை, அல்லது அதன் அடியில் இருக்கிற சுவிட்ச் கெட்டுவிட்டது. இரண்டு, பிரேக் ஆயில் அளவு குறைந்துவிட்டது. மூன்று, முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடுகிற எலக்ட்ரானிக்ஸில் கோளாறு. மூன்றாவதாக இருந்தால் பெரும்பாலும் மஞ்சள் நிற ஏபிஎஸ் லைட்டும் கூடவே எரியும். எனக்கு மஞ்சள் எரியவில்லை. ஹேண்ட் பிரேக் லிவரைக் கையால் நல்லாக் கீழே அழுத்திப் பார்த்தேன், மாற்றம் இல்லை. மிச்சம் இருப்பது ஆயில்.

பானெட்டைத் திறந்தேன். டிரைவர் பக்கம், பின்னால், ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதுதான் பிரேக் ஆயில் ரிசர்வாயர். வெளியே இரண்டு கோடு போட்டிருக்கும், மேலே மேக்ஸிமம், கீழே மினிமம். உள்ளே ஒரு மிதவை. ஆயில் குறைந்தால் மிதவை இறங்கும், ஒரு சுவிட்ச் மூடும், லைட் எரியும். வெஸ்டர்ன் டாய்லெட் சிஸ்டர்னில் இருக்கிற பந்து மாதிரிதான், பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயில் மினிமம் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. வண்டி நின்ற இடம் சரிவு, அதனால் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கலாம்னு தோணுச்சு. காட்டேஜ் முற்றத்தில் சமமான இடத்துக்கு வண்டியை நகர்த்தினேன். லைட் எரிந்துகொண்டேதான் இருந்தது. அப்போ சரிவு காரணம் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்கணும்னு கற்றுக்கொண்டது முதல் தடவையாகக் கம்ப்யூட்டருக்கு வெளியே உதவினது.

நான் இதையெல்லாம் பண்ணி முடிப்பதற்குள் இன்ஜின் சூடு ஏறி, லைட் அணைந்துவிட்டது.

அப்பா பையோடு வந்து நின்றார். "என்னடா?"

சொன்னேன்.

"அணைஞ்சிருச்சுல்ல? நேத்தும் இப்படித்தான வந்துச்சு, ஊரெல்லாம் சுத்துனோமே. குளிருக்கு வருது. கெளம்பு சாமி, நேரமாச்சு."

அப்பா முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். நான் ஓட்ட ஆரம்பித்து நாலு வருடம். அவர் சொன்னதில் பாதி உண்மையும்கூட. குளிருக்குத்தான் வருது. கேள்வி என்னன்னா, குளிர் எவ்வளவு பண்ணும்?

குளிர் எவ்வளவு பண்ணும்?

திரவம் குளிர்ந்தால் சுருங்கும். ஒரு சின்ன காரின் பிரேக் அமைப்பு முழுக்கச் சுமார் அரை லிட்டர் ஆயில் இருக்குன்னு வையுங்க. கோயம்புத்தூரில் 30 டிகிரியில் இருந்தது, ஊட்டியில் ராத்திரி பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இறங்குது. 30 டிகிரி வித்தியாசத்துக்கு அந்த அரை லிட்டர் பத்து, பதினைந்து மில்லி சுருங்கும். இரண்டு, மூன்று டீஸ்பூன். காலையில் இன்ஜின் சூட்டில் ரிசர்வாயரும் சூடாகி ஆயில் கொஞ்சம் விரியும். மிதவை ஒரு முடி அளவு மேலே வரும். லைட் அணையும். ஆக, வருவதும் போவதும் குளிரால்தான். இதில் மர்மம் இல்லை.

ஆனால் ரிசர்வாயரில் மேக்ஸிமத்துக்கும் மினிமத்துக்கும் நடுவில் இரண்டு, மூன்று டீஸ்பூனைவிட நிறைய இடம் இருக்கு. ஆயில் நிறைவாக இருக்கிற வண்டியை அதே முற்றத்தில் அதே குளிரில் நிறுத்தினால் லைட் எரியாது. என் வண்டியில் எரிந்ததுன்னா, அது ஏற்கனவே விளிம்பில் நின்றிருக்கு. குளிர் லேசாகத் தொட்டது, அவ்வளவுதான். மிச்ச ஆயில் எங்கே போச்சு?

ஆயில் குறைய ஒரு நியாயமான காரணம் உண்டு. பிரேக் பேட் தேயத் தேய, அதை அழுத்துகிற பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அது விட்டுவிட்டு வந்த இடத்தை ஆயில் நிரப்பும். ரிசர்வாயரில் அளவு குறையும். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனை எடுத்துக்குங்க. ஒரு சக்கரத்தில் இரண்டு பேட். ஒவ்வொன்றும் ஏழு மில்லிமீட்டர் தேய்ந்தால் பிஸ்டன் பதினான்கு மில்லிமீட்டர் வெளியே வரும். கணக்குப் போட்டால் சுமார் 27 மில்லி. முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து ஐம்பது மில்லிக்கு மேல். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, பேட் மொத்தமும் தேய்ந்து முடியும்போது அளவு மினிமத்துக்கு வருவது இயல்பு. அது வண்டி நமக்குச் சொல்கிற தகவல்: "பேட் முடியப் போகுது, பாரு."

இதுவரைக்கும் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். பேட் தேய்ந்திருக்கும், கோயம்புத்தூர் போய் மாற்றிக்கலாம். அப்போதான் எனக்கு ஜூன் மாதம் ஞாபகம் வந்தது.

ஜூனில் சென்னையில், ஓஎம்ஆரில் யு டர்ன் எடுக்கும்போது இதே லைட் ஒரு நொடி மின்னி மறைந்தது. இரண்டு நாள் தொடர்ந்து. ஆபீஸ் நண்பன் ஒருத்தன், "பிரேக் ஆயில் டாப் அப் பண்ணு மச்சி, போயிடும்"னான். ஒரு பாட்டில் வாங்கி, வீடியோ பார்த்து, மேக்ஸிமம் கோடு வரைக்கும் நானே ஊற்றினேன். போயிடுச்சு. பெருமையாகவே இருந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

ஆக, ஆறு மாதம் முன்பு ஆயில் மேக்ஸிமத்தில் இருந்தது. நடுவில் நான் ஓட்டினது நாலாயிரம் கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள் பேட் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்ததுன்னு தாராளமாக வைத்தாலும், இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து எட்டு மில்லி. குளிருக்குப் பதினைந்து. மொத்தம் இருபத்தி மூன்று. டப்பாவில் குறைந்திருந்தது அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல் இருக்கும்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மொபைல் கால்குலேட்டரில் இந்தக் கணக்கைப் போட்டேன். இரண்டாவது தடவை போட்டேன். விடை மாறவில்லை. எங்கேயோ கசியுது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டுகூட இல்லை.

"அப்பா, இதை இறக்க வேண்டாம். ஒரு மெக்கானிக் பார்க்கட்டும்."

"மணி என்ன தெரியுமா?"

"தெரியும்பா. ஜூன்லயே இந்த லைட் வந்துச்சு. நான் ஆயில் ஊத்தி அணைச்சு வெச்சேன். உங்ககிட்ட சொல்லலை."

அதைச் சொல்வதுதான் அன்றைக்கு எனக்குக் கஷ்டமான வேலை. அப்பா எதுவும் பேசவில்லை. மொபைலை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். அம்மா ரெண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பையை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

மெக்கானிக் அண்ணன்

காட்டேஜ்காரர் போன் பண்ணி ஒரு மெக்கானிக்கை வரச்சொன்னார். ஒன்பதரைக்கு மேல், ஸ்வெட்டர், மங்கி கேப்போடு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருத்தர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். நான் சொன்னதைக் கேட்டார். டப்பாவைப் பார்த்தார்.

"ஆயில் ஊத்திட்டுக் கெளம்பலாமாண்ணா?"ன்னு அப்பா இருக்கும்போதே கேட்டேன். எனக்கு அவர் வாயால் வேண்டியிருந்தது.

"எங்க போச்சுன்னு பார்க்காம எப்படித் தம்பி ஊத்தறது?"

இன்ஜினை நிறுத்தச் சொன்னார். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தார். பெடல் கெட்டியானது. அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அரை நிமிடம் கழித்து, "கையை வெச்சுப் பாருங்க"ன்னார். பெடல் ரொம்ப மெதுவாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கசிவு இருந்தால் அப்படி இறங்கும். நான் முந்தின நாள் ஒரு நொடி மிதித்துப் பார்த்து "கெட்டியா இருக்கு"ன்னு முடிவு பண்ணியிருந்தேன்.

பின்சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கி வைத்துக் கழற்றினார். இடது பக்க டிரம்மைத் தட்டி எடுத்தார். உள்ளே பிரேக் தூசியும் ஆயிலும் கலந்து கறுப்புச் சேறு மாதிரி அப்பியிருந்தது. பிரேக் ஷூவை விரித்துத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் நைந்துபோய், அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் கசிந்திருக்கு. வெளியே சொட்டாமல் அத்தனையையும் ஷூவும் தூசியும் குடித்திருக்கு. அதனால்தான் தரையில் தடயமே இல்லை.

அண்ணன் அந்த ஷூவை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கி, விரலால் தேய்த்துப் பார்த்தார். வழுவழுன்னு இருந்தது. நீட்டின கையை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "குன்னூர் எறங்கும்போது என்ன ஆயிருக்கும்?"ன்னு கேட்டார்.

"ஆகாமலும் போயிருக்கலாம் சார். நம்ம நேரம்தான்."

ஏன் இறக்கம் வேற கதை

ஆகாமலும் போயிருக்கலாம்னு அவர் சொன்னது நிஜம். கார்களில் பிரேக் லைன் இரண்டு தனித்தனிப் பாதையாகப் பிரித்திருப்பாங்க. நிறைய சின்ன கார்களில் குறுக்காக, ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரு ஜோடி. ஒரு ஜோடி போனாலும் மறு ஜோடி நிற்கும். ஆனால் பெடல் ஆழமாக இறங்கும், நிற்கிற தூரம் அதிகமாகும். சமதளத்தில் அது சமாளிக்கக்கூடிய விஷயம்.

மலையில் இன்னொன்று சேருது, சூடு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சம். 1,900 மீட்டர் இறங்குறோம், நடுவில் குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். நாலு பேர், லக்கேஜ் எல்லாம் சேர்த்து 1,200 கிலோ வண்டி. இந்த உயரத்தை இழக்கும்போது வெளியே வருகிற ஆற்றல் ஆறு யூனிட் கரண்டுக்குச் சமம். இரண்டு கிலோவாட் ஹீட்டரை மூன்று மணி நேரம் ஓடவிட்டால் வருகிற சூடு. சின்ன கியரில் இறங்கினால் இன்ஜினும் காற்றும் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால், டாப் கியரில் மிதித்து மிதித்து இறங்கினால், கிட்டத்தட்ட மொத்தமும் பிரேக்கின் தலையில்.

அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். இங்கேதான் வயசு பேசும். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கிறது தர அளவு. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140. டாட் 4-க்கு 230, ஈரம் சேர்ந்தால் 155. கொதித்தால் ஆவி. திரவத்தை அழுத்தினால் சுருங்காது, அதனால்தான் நம்ம கால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகுது. ஆவி சுருங்கும். பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது.

இதில் ரொம்பப் பயங்கரமான பகுதி என்னன்னா, வண்டி ஆறினதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பெடல் பழையபடி கெட்டியாகும். பிறகு யாராவது மிதித்துப் பார்த்தால் "பிரேக் நல்லாத்தானே இருக்கு"ம்பாங்க. ரெப்ரொட்யூஸ் ஆகலை.

என் வண்டியில் இருந்த ஆயிலை அண்ணன் ஒரு சிரிஞ்சில் உறிஞ்சிக் காட்டினார். டிகாஷன் மாதிரி இருந்தது. மாமா மாற்றினாரான்னு போனில் கேட்டோம். "அதையெல்லாம் மாத்துவாங்களா?"ன்னு அவர் திருப்பிக் கேட்டார். பல கார்களின் கையேட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லி இருக்கும். என் வண்டியில் ஒன்பது வருடம்.

பின்னால் இரண்டு பக்கமும் வீல் சிலிண்டர், ஷூ, முன்னால் பேட், மொத்த ஆயிலையும் வடித்துப் புதுசு ஊற்றி ஏர் எடுப்பது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அவர் இரண்டு தடவை போய் வந்தார். செலவு ஏழாயிரத்துச் சொச்சம். முடியும்போது மணி மூன்று.

நிச்சயதார்த்தத்துக்கு நாங்க போய்ச் சேர்ந்தபோது ஏழரை. தட்டு மாற்றி, போட்டோ எடுத்து, பந்தி பாதி முடிந்திருந்தது. சித்தப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைச் சரி பண்ண இரண்டு மாதம் ஆச்சு. அதையும் சொல்லணும், இல்லையா. சரியான முடிவு எடுத்தால் எல்லாரும் கை தட்டுவாங்கன்னு இல்லை. எதுவும் நடக்காமல் தடுத்ததுக்கு யாரும் ஆதாரம் காட்ட முடியாது.

வழியில் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். குன்னூர் தாண்டி முதல் வளைவுக்கு முன்னால், "ரெண்டாவது கியர்லயே போ"ன்னார்.

நீங்க என்ன பண்ணலாம்

இந்த லைட் உங்களுக்கு எரிந்தால் வரிசை இதுதான். பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்கிப் பாருங்க. சிவப்போடு மஞ்சள் ஏபிஎஸ்ஸும் எரியுதான்னு கவனிங்க. சமமான இடத்தில் ரிசர்வாயர் அளவைப் பாருங்க, வெளியிலிருந்தே தெரியும், மூடியைத் திறக்க வேண்டியதில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதித்து, அழுத்தி அரை நிமிடம் வைத்திருங்க. இறங்கினால் வண்டியை எடுக்காதீங்க, மெக்கானிக் வண்டியிடம் வரட்டும்.

ஆயில் ஊற்றுவது கடைசி வேலை. முதல் கேள்வி, அது எங்கே போச்சு. பேட் தேய்மானத்துக்குப் போயிருந்தால் பேட் மாற்றினதும் அளவு தானாக மேலே வரும். முன்கூட்டியே ஊற்றி வைத்திருந்தால் அப்போது பொங்கி வழியும், பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டையும் அரிக்கும். பேட்டில் கணக்கு முடியலைன்னா கசிவு. ஊற்றினால் இரண்டு தகவலும் அழிஞ்சிடும். நான் ஜூனில் ஊற்றினது வெறும் ஆயில் இல்லை, ஆறு மாதத் தாமதம். தவிர, எந்த அவசரத்திலும் இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றிடாதீங்க. உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் உப்பிப் போய்விடும்.

கனடா, அமெரிக்காவிலிருந்து கேட்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்க ஊரில் மைனஸ் இருபது வரைக்கும் போகும். 30 டிகிரிக்கே பதினைந்து மில்லின்னா, உங்களுக்கு இன்னும் அதிகம். பனிக்காலத்தில் முதல் தடவை அந்த லைட் எரிவது சும்மா இல்லை. அங்கே கூடுதலாக இன்னொன்று. ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் தண்ணீர் போய் ராத்திரி உறைந்துவிட்டால், லிவர் இறங்கும், சக்கரத்தில் பிரேக் விடாது. கடும் குளிரில் சமதளத்தில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங்கில், மேனுவலில் முதல் கியரில் விடுங்க.

வாடகைக் கார் எடுத்து மலைக்குப் போகிறவங்க, சாவி வாங்கும்போது கீறல், ஒடுக்கு எல்லாம் போட்டோ எடுப்பீங்கல்ல? கூடவே பானெட்டைத் திறக்கச் சொல்லி அந்தச் சின்ன டப்பாவையும் ஒரு போட்டோ எடுங்க. ஆயில் எந்தக் கோட்டில் இருக்கு, என்ன நிறத்தில் இருக்குன்னு பாருங்க. ஒரு நிமிட வேலை.

அந்த லைட் அன்றைக்குக் காலையில் கால் மணி நேரம்தான் எரிந்தது. அதுவும் பள்ளத்தில் தங்கினதால், உறைபனி விழுந்ததால். ஊட்டியில் அந்த வாரம் கொஞ்சம் கதகதப்பாக இருந்திருந்தால் அது எரிந்தே இருக்காது. நாங்க எட்டு மணிக்குக் கிளம்பி, ஆயில் ஊறின ஷூவோடும் ஒன்பது வருட ஆயிலோடும், நேரத்துக்குப் போகணும்னு வேகமாகவே இறங்கியிருப்போம். அதை நினைத்துத்தான் இந்த எபிசோட்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து பாருங்க. அப்பா வண்டி, மாமா வண்டி எதுவானாலும் சரி. டிகாஷன் நிறத்தில் இருந்தால் திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் போங்க. அடுத்த எபிசோடில் மறுபடி கோட் பக்கம் போவோம். அதுவரைக்கும், மலை இறங்கும்போது ரெண்டாவது கியர்.